அரசியலைத் தடை செய்யாமல் மற்ற பேச்சையும் காப்பாற்றுவது எப்படி? (தமிழ்க் குழு, 4,000 பேர்)

ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருளில் ஓடும் ஒரு பொதுத் தமிழ்க் குழு. ஏறத்தாழ 4,000 உறுப்பினர்கள், மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்கள்) 3 பேர். விவசாயம், கணினி, பழைய இலக்கியம், சமையல், சினிமா, அரசியல் என்று மொத்தம் 14 பகுதிகள். முகப்பைத் திறந்தால் 20 திரியில் (தொடர் உரையாடலில்) 16 அரசியலாகவோ நடிகர் சண்டையாகவோ இருக்கிறது. மண்புழு உரத்தில் எறும்பு ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு மூன்று நாளாகப் பதில் இல்லை.

இதுவரை செய்தது இரண்டு. தேர்தல் நேரத்தில் அரசியலுக்கு ஒரு மாதம் தடை. பேச்சு அப்படியே சினிமாத் திரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்து, கெட்ட வார்த்தையும் சாதிப் பெயர்களுமாக 140 சொல் கொண்ட வடிகட்டி. 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று செய்தியை ஒட்டியவரின் பதிவு நிற்கிறது. திட்ட நினைப்பவர்கள் ஆங்கில எழுத்தில் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

யாருடைய வாயையும் அடைக்காமல் எல்லாப் பேச்சுக்கும் இடம் கிடைக்க என்ன அமைப்பு வைக்கலாம்? எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது? சட்டப்படி நிர்வாகியின் கழுத்துக்கு எது வரும்?

---

நாற்சந்தி

தடை தோற்றதில் வியப்பில்லை. கட்சிக்காரர் வசனம் எழுதி, நடிகர் முதலமைச்சராகி, இன்னொரு நடிகர் 2024-இல் கட்சி தொடங்கிய மாநிலம் இது. எது சினிமா, எது அரசியல் என்று எந்த மட்டுறுத்துநரும் கோடு கிழிக்க முடியாது. பேசும் பொருளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முகப்பு எந்த வரிசையில் அடுக்கப்படுகிறது என்று பாருங்கள். நோய் அங்கேதான்.

டிஸ்கோர்ஸின் 'சமீபத்தியவை' பட்டியல் கடைசிப் பதில் வந்த நேரத்தை வைத்து அடுக்குகிறது. எறும்புக் கேள்விக்கு ஒருவர் ஒழுங்காகப் பதில் சொன்னால் கேட்டவர் நன்றி சொல்வார், கதை முடிந்தது. மூன்றே பதிவு. சண்டைத் திரியில் இரண்டு பேர் மாறி மாறி 60 தடவை எழுதினால் அந்தத் திரி 60 தடவை மேலே ஏறும். தீர்ந்த கேள்வி கீழே போகும், தீராத வாய்ச்சண்டை மேலே நிற்கும். பழைய வலைப்பதிவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பல வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டியில் மேலே நிற்பதற்காக இடுகையில் தானே பின்னூட்டம் போட்டுக்கொள்வதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

வேறு இடங்களில் வேறு கணக்கு. கணினித் துறைச் செய்திகளை விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளம் ஓட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதைப் பதிவின் வயதால் (மணிக்கணக்கில், 2 கூட்டி, 1.8 அடுக்கேற்றி) வகுக்கிறது. எத்தனை பதில் வந்தது என்பது ஏணியாவதில்லை. ஓட்டு எண்ணிக்கையை மிஞ்சிப் பதில் குவிந்தால் சண்டை என்று கருதித் திரியைக் கீழே இறக்கவும் செய்கிறது. ரெடிட் வெளியிட்ட பழைய 'சூடானவை' கணக்கில் 12½ மணி நேரம் முந்திய பதிவு, புதிய பதிவோடு சமமாக நிற்க 10 மடங்கு ஓட்டு வாங்க வேண்டும். மடக்கைக் கணக்கு என்பதால் முதல் 10 ஓட்டுக்கு உள்ள எடைதான் அடுத்த 90 ஓட்டுக்கும்.

ஆனால் ஓட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்துவிடாதீர்கள். உங்கள் அளவுக் குழுவில் 15 பேர் பேசி வைத்துக்கொண்டு எதிர் ஓட்டு போட்டால் ஒரு கருத்து காணாமல் போய்விடும். விருப்பக் குறி மட்டும் இருக்கட்டும்.

நான் மாற்றச் சொல்வது இவை:

முகப்பை 'சமீபத்தியவை'யிலிருந்து 'பகுதிகள்' காட்சிக்கு மாற்றுங்கள். 14 பகுதி அதிகம், ஒன்பதாகச் சுருக்குங்கள். வாரத்துக்கு 3 புதுத் திரி கூட வராத பகுதியைப் பக்கத்துப் பகுதியோடு சேர்த்து, குறிச்சொல்லால் பிரித்துக்கொள்ளலாம்.

அரசியல், திரைச் சண்டை இரண்டையும் ஒரே பகுதியாக்கி, அதை 'இயல்பாக அமைதிப்படுத்தப்பட்ட பகுதி' பட்டியலில் சேருங்கள். அதன் திரிகள் பொதுப் பட்டியலில் வராது; வேண்டியவர் ஒரு சொடுக்கில் திறந்துகொள்வார். அமைப்பை மாற்றும்போது பழைய உறுப்பினர்களுக்கும் பொருத்தவா என்று மென்பொருள் கேட்கும். அங்கே ஆமென்று சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்பு போட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்தால் 'எங்களை மறைத்துவிட்டார்கள்' என்ற திரிதான் முதலில் வரும், அதில் நியாயமும் இருக்கும்.

அந்தப் பகுதிக்கு மெதுநடை முறை: ஒருவர் ஒரு திரியில் மணிக்கு ஒரு பதிவு. இது கருத்தைத் தொடுவதில்லை, வேகத்தை மட்டும் பிடிக்கிறது. நான்கு வரி எழுதியவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் அடுத்த முறை பதினைந்து வரி எழுதுவார். ஒரு சிக்கல்: மெதுநடையில் இருக்கும் திரியில் சலுகை நேரம் (இயல்பாக 5 நிமிடம்) தாண்டினால் தன் பதிவைத் திருத்தவும் முடியாது. எழுத்துப்பிழைப் புகார் வரும். அமைப்புகளில் அந்தத் தடையை மட்டும் தனியாக எடுத்துவிடலாம்.

விவசாயம், இலக்கியம் போன்ற பகுதிகளில் 'தினமும் தானாக மேலேற்றும் திரிகள்' எண்ணிக்கையை 1 அல்லது 2 என்று வையுங்கள். கிடப்பில் போன கேள்வி தானாகக் கண்ணில் படும்.

இதையெல்லாம் செய்யும் முன் கடந்த 30 நாளுக்கு நான்கு எண்களை எடுத்து வையுங்கள்: அதிகம் எழுதும் 10 பேர் மொத்தப் பதிவில் எத்தனை சதவீதம், ஒவ்வொரு பகுதியிலும் புதுத் திரி தொடங்கியவர்கள் எத்தனை பேர், பதிலே வராத கேள்விகள் எத்தனை, முதல் பதில் வர எவ்வளவு நேரம். டேட்டா எக்ஸ்ப்ளோரர் செருகுநிரலில் இவை எல்லாம் வரும். இந்த எண்கள் கையில் இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் கடைசியில் 'எனக்கென்னவோ பரவாயில்லை போலத் தெரியுது' என்பதில்தான் முடியும்.

---

ஒற்றெழுத்து

வடிகட்டி பத்தி மட்டும் சொல்றேன்.

டிஸ்கோர்ஸ் இயல்பா முழுச் சொல்லைத்தான் பிடிக்கும். நீங்க முடிவில் நட்சத்திரக் குறி (அதுக்கப்புறம் எது ஒட்டினாலும் பிடின்னு அர்த்தம்) போட்டிருப்பீங்க, அதான் 'மயிரிழை' மாட்டுது. போடாம விட்டா 'மயிரை', 'மயிருக்கு' எதுவும் மாட்டாது, ஏன்னா தமிழ்ல வேற்றுமை உருபு சொல்லோடவே ஒட்டுது. ஒருங்குறியில் (யூனிகோடில்) புள்ளி தனிக் குறியீடு; 'மயிர' வரைக்கும் கொடுத்து நட்சத்திரம் போட்டா 'மயிர்', 'மயிரு', 'மயிர்க்கால்', 'மயிர்க்கூச்செறிந்தது' எல்லாமே ஒரே வலையில். 'நாயே'ன்னு கொடுத்தா திருவாசகத்துல வர்ற 'நாயேன்' போயிடும். 'பொறுக்கி' கொடுத்தா 'கல் பொறுக்கி எடுத்து ஊற வைக்கவும்'னு சமையல் பகுதி நிக்கும். 'பறைய' கொடுத்தா பறையிசைக் குழு பத்தி ஒரு வரி எழுத முடியாது. சாதிப் பெயரை மொத்தமா தடுத்தா 1931 கணக்கெடுப்பைப் பத்திப் பேச முடியாது, தனக்கு நடந்த தீண்டாமையை ஒருத்தர் சொல்லவும் முடியாது. இழிவு செய்றவனை விட்டுட்டு இழிவுபட்டவரைத் தடுக்கிற வடிகட்டி அது.

என்ன செய்யலாம்:

பட்டியலை 140-லேர்ந்து 25, 30-க்குக் கொண்டாங்க. வேற எந்தப் பொருளும் இல்லாத வசைச் சொல் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லையும் சேர்க்குறதுக்கு முன்னாடி பழைய 6 மாசப் பதிவுல தேடிப் பாருங்க. மாட்டுற அஞ்சுல ஒண்ணு அப்பாவின்னா அந்தச் சொல் வேண்டாம்.

செயலை 'தடு'ன்னு வைக்காதீங்க. தடுத்தா உடனே பிழைச் செய்தி வரும். எழுதுறவர் ஒவ்வொரு எழுத்தா மாத்திப் பார்த்து, எது தப்பிக்குதுன்னு அஞ்சே நிமிஷத்துல கத்துக்குவார். உங்க வடிகட்டிக்கு நீங்களே பயிற்சி வகுப்பு நடத்துற மாதிரி. 'கொடியிடு'ன்னு வெச்சா பதிவு வெளியாகும், மட்டுறுத்துநர் பார்வைக்கும் வரும். புது உறுப்பினர் பதிவுகளை மட்டும் 'ஒப்புதல் தேவை'ல நிறுத்தலாம்.

சொந்தமா நிரல் எழுதி சோதிக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒருங்குறி இயல்பாக்கம் செய்யணும். 'பொ'வை ஒற்றைக் குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டாவும் தட்டலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், கணினிக்கு வேற வேற. 'ஔ'வுக்கு பதிலா 'ஒ'வும் 'ள'வும் தட்டுறது மட்டும் இயல்பாக்கத்துல சேராது, அதைக் கையால மாத்தணும். ரெண்டு, கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா எழுத்துகளை நீக்கணும். சில விசைப்பலகை தானாவே போடுது, சிலர் வேணும்னே போடுறாங்க. மூணு, தமிழ் எண்கள். ௧-க்கும் 'க'வுக்கும், ௭-க்கும் 'எ'வுக்கும், ௮-க்கும் 'அ'வுக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்துல எழுத்து இருந்தா எண்ணை எழுத்தா மாத்திட்டு ஒப்பிடுங்க.

பைத்தானோட சாதாரண தேடல் நூலகத்துல 'சொல் எல்லை'யை நம்பாதீங்க. அது புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாவே எடுத்துக்காது, சொல்லை நடுவுல வெட்டும். முன்னாலயும் பின்னாலயும் எழுத்தோ துணையெழுத்தோ இல்லைன்னு நீங்களே நிபந்தனை எழுதணும்.

இயந்திரக் கற்றல் மாதிரி (மாடல்) போடலாமான்னு யாராவது கேப்பீங்க. தமிழ் வசைமொழிக்கு 2021 வாக்குல ஆய்வாளர்கள் பொதுவுல விட்ட தரவு பெரும்பாலும் யூடியூப் கருத்துகள். அந்த நடையில பழகின மாதிரிகிட்ட சங்கப்பாட்டு உரையையும் கொடுத்து எது வசைன்னு கேட்டா என்ன வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வரிசைப்படுத்த உதவும், நீக்குற அதிகாரம் அதுக்குக் கொடுக்கக் கூடாது.

---

படிக்கல்

சட்டப் பக்கம், இந்தியா அளவில்.

அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை முதன்மையாக அரசின் தலையீட்டிலிருந்து காப்பது. தனியார் குழு தன் விதிப்படி ஒரு பதிவை எடுத்தால் அது பொதுவாக அந்த உரிமையை மீறியதாகாது. அதனால்தான் உங்கள் விதி நியாயமாக இருப்பது சட்டக் கட்டாயத்தைவிட நம்பிக்கை சம்பந்தப்பட்டது.

'யாரையோ எரிச்சலூட்டியது' என்பதற்காக வழக்குப் போட வழி வைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் சில காவல் நிலையங்களில் அந்தப் பிரிவைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022-இல் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. யாராவது 66அ என்று மிரட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

அதே தீர்ப்பில் உங்களுக்கு முக்கியமான பகுதி 79-ஆம் பிரிவு பற்றியது. மற்றவர் எழுதியதற்கு இடைநிலையாளர் (உங்களைப் போல எழுத இடம் மட்டும் தருபவர்) பொறுப்பல்ல. 'அறிந்தும் நீக்கவில்லை' என்று சொல்வதற்கு நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்திருக்க வேண்டும். யாரோ ஒரு கட்சிக்காரர் மின்னஞ்சலில் 'உடனே எடு' என்றால் அது ஆணையாகாது. இந்தப் பாதுகாப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. 2021 பிப்ரவரி 25 விதிகளின்படி சிறு தளமும் செய்ய வேண்டியவை: விதிமுறையையும் தனியுரிமைக் கொள்கையையும் வெளியிடுவது, குறிப்பிட்ட கால இடைவெளியில் அதை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவது, குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் போடுவது, புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்வது, ஆணைப்படி நீக்கியதை 180 நாள் பத்திரப்படுத்துவது. ஆணை வந்தபின் நீக்க வேண்டிய கெடு முதலில் 36 மணி நேரமாக இருந்தது. விதிகள் பிறகு திருத்தப்பட்டிருப்பதால் நடப்பு வடிவத்தைப் படித்துவிட்டுக் கெடுவை எழுதி வையுங்கள். 50 லட்சம் பயனருக்கு மேற்பட்ட தளங்களுக்கான கூடுதல் கடமைகள் உங்களுக்கு இல்லை.

ஆணைக்காகக் காத்திராமல் நீங்களே எடுக்க வேண்டியவையும் உண்டு. சிறார் பாலியல் படங்கள், சம்மதமில்லாத அந்தரங்கப் படங்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் (பாரதிய நியாய சம்ஹிதை 72), ஒருவரின் வீட்டு முகவரியோடு வரும் மிரட்டல். இவற்றில் பேச்சுரிமை வாதத்துக்கே இடமில்லை.

வாட்ஸப் குழுவும் இருந்தால்: நிர்வாகி என்பதற்காக மட்டும் உறுப்பினர் போட்ட பதிவுக்குக் குற்றப் பொறுப்பு வராது என்பது மும்பை உயர் நீதிமன்ற நாக்பூர் கிளை (2021), சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை (2021 டிசம்பர்), கேரள உயர் நீதிமன்றம் (2022) மூன்றும் எடுத்த நிலை. நிர்வாகி தானே தூண்டினாலோ கூட்டுச் சேர்ந்தாலோ கதை வேறு.

---

பனங்கூடல்

படிக்கல் சொன்னது இந்தியாவுக்குச் சரி. உங்கட குழுவில இலங்கை ஆக்களும் இருப்பினம். அங்கே 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 1 இலிருந்து இருக்குது. பதிவை அகற்றச் சொல்லுறதுக்கு ஆணைக்குழு ஒன்றுக்கு அதிகாரம் குடுத்த சட்டம். அதனால ஒரு விசயம் முக்கியம்: உண்மைப் பெயர் கட்டாயம் என்று மட்டும் விதி வைக்க வேண்டாம். 'முகம் தெரிஞ்சால் மரியாதையாய்க் கதைப்பினம்' என்று பலர் நினைக்கினம். முகம் தெரிஞ்சால் முதலில வாயை மூடுறது சண்டைக்காரர் இல்லை. காணி, காணாமல் போனோர், ஊர்ச் சாதிப் பிரச்சினை எழுதுற ஆக்கள்தான். புனைபெயர் இருக்கட்டும், ஆனால் ஒருவருக்கு ஒரே புனைபெயர். தொலைபேசி இலக்கம் வாங்காதேங்கோ. வாங்காததைக் குடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கேலாது.

மற்றது, ஒற்றெழுத்தின்ர பட்டியலையும் ஒருக்கா எங்கட பக்கத்து ஆளிட்டைக் காட்டுங்கோ. 'பெட்டை' எண்டால் எங்களுக்குச் சாதாரணமாய் ஒரு பெண்பிள்ளை. உங்கட பக்கம் அது வசை மாதிரிக் கேட்கும். 'சரக்கு' எங்களுக்குக் குழம்புக்குப் போடுறது, சரக்குத் தூள். 'பறையிறது' எண்டால் கதைக்கிறது. 'நல்ல தமிழில எழுதுங்கள்' எண்டு திருத்துற ஆக்களையும் கொஞ்சம் அடக்கி வையுங்கோ. அந்தத் திருத்தம் இரண்டு தரம் விழுந்தால் மட்டக்களப்பு ஆளும் கன்னியாகுமரி ஆளும் மூன்றாந் தரம் எழுத மாட்டினம். நீங்கள் தேடுற பல்வகைமை அதிலயும்தான் போகுது.

---

ஏரிக்கரை

மிக்க நன்றி. எண்களை எடுத்துப் பார்த்தேன்: முதல் 10 பேர் எழுதியது மொத்தப் பதிவில் 58 சதவீதம். நாற்சந்தி சார், நீக்குவதற்கான விதியை எப்படி எழுதுவது? இப்போது 'கண்ணியமாக எழுதவும்' என்று ஒரே வரிதான் இருக்கிறது.

---

நாற்சந்தி

58 என்றால் மெதுநடையிலேயே பாதி வேலை முடியும். அந்தப் பத்துப் பேரைத் தனியாக எதுவும் செய்யாதீர்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் விவசாயப் பகுதியிலும் நல்ல பதில் எழுதுபவர்களாகத்தான் இருப்பார்கள்.

'கண்ணியம்' என்று விதி வைத்தால் ஒவ்வொரு மட்டுறுத்துநரும் தன் வீட்டுக் கண்ணியத்தைக் கொண்டுவருவார். செயலாக எழுதுங்கள். 'தலைவர்களை விமர்சிக்கக் கூடாது' என்பது பொருள் மீதான விதி, வேண்டாம். 'சக உறுப்பினரின் சாதி, மதம், உடல், குடும்பம் பற்றி எழுதி வாதாடக் கூடாது' என்பது செயல் மீதான விதி. ஆளுங்கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரே மாதிரி பொருந்தும். 'ஒரே செய்தியை மூன்று திரியில் ஒட்டக் கூடாது', 'வாட்ஸப்பில் வந்ததை ஒட்டினால் மூலச் சுட்டி வேண்டும்' என்பவையும் அப்படியே. ஐந்தாறு விதி போதும். ஒவ்வொன்றின் கீழும் மீறிய உதாரணம் ஒன்று, பார்க்க மீறியது போலிருந்தாலும் அனுமதிக்கப்படும் உதாரணம் ஒன்று எழுதுங்கள். பின்னது இல்லாத விதிமுறைதான் காலப்போக்கில் இறுகிப் போகும்.

நடவடிக்கை மூன்று படி. முதலில் இடமாற்றம்: தவறான பகுதியில் வந்ததை உரிய பகுதிக்கு நகர்த்துவது. அடுத்தது மறைப்பு: பதிவு மூடியிருக்கும், விரும்பினால் திறந்து படிக்கலாம், எந்த விதி என்று ஒரு வரி இருக்கும். கடைசியில்தான் நீக்கம், அதுவும் படிக்கல் சொன்ன வகைக்கும் வணிகக் குப்பைக்கும் மட்டும். ஒரு கருத்து அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக இரண்டாம் படியைத் தாண்டாதீர்கள்.

யார் செய்வது என்பதில் ஸ்லாஷ்டாட் தளத்தின் பழைய முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சாதாரண வாசகருக்கே மற்றவர் பதிவை ஏற்றவோ இறக்கவோ அவ்வப்போது 5 மதிப்பீட்டுப் புள்ளி கிடைக்கும், 3 நாளில் காலாவதியாகும்; ஒரு விவாதத்தில் புள்ளி போட்டவர் அதே விவாதத்தில் எழுதினால் அவர் போட்ட புள்ளி ரத்தாகிவிடும். உங்களுக்கு அதன் சாரம் போதும்: தான் வாதாடிய திரியில் மட்டுறுத்துநர் கை வைக்கக் கூடாது. மூன்று பேரும் ஒரே கட்சிச் சாய்வு என்றால் நாலாவதாக ஒருவரை வேறு பக்கத்திலிருந்து சேருங்கள். மேல்முறையீட்டை முடிவெடுத்தவர் பார்க்கக் கூடாது, 72 மணி நேரத்தில் பதில்.

எல்லாவற்றையும் ஒரு பொதுத் திரியில் மாதம் ஒரு முறை போடுங்கள்: எத்தனை மறைப்பு, எந்த விதியில், எத்தனை மேல்முறையீடு, எத்தனை திருப்பப்பட்டது. பெயர் வேண்டாம். திருப்பப்பட்டது தொடர்ந்து பூஜ்யம் என்றால் உங்கள் தீர்ப்பு அவ்வளவு சரி என்று அர்த்தமில்லை, மேல்முறையீட்டை யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

---

ஒற்றெழுத்து

விட்டுப்போன ஒண்ணு. அமைதிப்படுத்தின பகுதிக்குள்ள பேச்சு போனதும், அங்கேர்ந்து சுட்டியை எடுத்து மத்த திரியில போட்டு ஆள் கூப்பிடுவாங்க. முதல் இரண்டு வாரம் இது கண்டிப்பா நடக்கும். சுட்டியைத் தடுக்காதீங்க, அந்தப் பதிலை மட்டும் அந்தப் பகுதிக்கே நகர்த்திடுங்க.

அப்புறம் மண்புழு உரத்துல எறும்பு ஏறுறது படுகை காய்ஞ்சதால. தண்ணி தெளிச்சு, தொட்டிக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தச் சொல்லுங்க.